சிவப்பு தெரியாத ஸ்கேனர்

முப்பத்திரண்டு வயதில் என்னை ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் என் மாமனார் சிரிப்பார். அவர் நூற்பாலையில் தலை முழுக்க நரைக்கும் வரை ஷிப்டு பார்த்து, மாலை போட்டு அனுப்பப்பட்டவர். எனக்கு யாரும் மாலை போடவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, இரண்டாவது குழந்தை வயிற்றில் தங்கியது, வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் காகிதங்களைக் கணினிக்குள் கொண்டுபோய் அடுக்கிய அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்னும் விரல்கள் துறுதுறுக்கின்றன.

எழுதச் சொன்னது நான் பார்த்த அதே வேலையை இப்போது பார்க்கிற பிள்ளைகள். ராஜபாளையம் ஆபீசிலிருந்து ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அக்கா, புது மெஷினு வருது. எந்தத் தாளு யாரு ஃபைலுன்னு அதுவே பிரிச்சு, அதுவே பேரு வச்சு, அதுவே அடுக்கிருமாம். நாங்க சும்மா நின்னு வேடிக்க பாக்கணுமாம்."

"அப்ப எதுக்குக்கா ரெண்டு நம்பர் தாளப் பத்தி மட்டும் எங்களுக்கு அம்புட்டு பரீட்ச வைக்காக? ஷகிலா மேடத்துக்கிட்ட கேட்டா, மெர்சியக் கேளுங்கன்னு ஒங்களக் கைகாட்டிட்டுப் போயிட்டாக."

எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். இது ஒரு மருத்துவமனையின் காகிதங்கள் பற்றிய கதை. நோயாளிகளின் விஷயம் வெளியே போகக் கூடாது. ஊர்ப்பெயர் ஒன்றிரண்டைத் தவிர மற்ற பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றியது போதுமா என்று இதை எழுதும்போதும் சந்தேகம் இருக்கிறது. எனக்கு எப்போதுமே அப்படித்தான். கேஸை மூடினோமா என்று பேருந்து ஏறிய பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்கிற ஆள் நான்.

நான் பி.காம். படித்தவள். கல்யாணம் முடிந்து, மகள் ஷைனி பிறந்து, அவள் நடக்க ஆரம்பித்தபோது ராஜபாளையத்தில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். தட்டச்சு செய்தேன், சரிபார்த்தேன், பிறகு ஸ்கேனிங் பக்கம் மாற்றினார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பில் புத்தகங்களையும் பழைய ரசீதுகளையும் கொடுத்துக் கையைப் பழக்கினார்கள். கை பழகியதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய அறக்கட்டளை மருத்துவமனையின் பதிவேட்டு அறைக்கு எங்கள் குழுவை அனுப்பினார்கள். உள்நோயாளிகளாக இருந்தவர்களின் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தாளும் தானாகவே அந்தந்த நோயாளியின் கணக்கில் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

குழந்தையை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் காலையில் பேருந்து ஏறுவேன். ஏறும்போது அழுகிற மாதிரி இருக்கும். இறங்கும்போது வேலை ஞாபகம் வந்து கால் வேகமாகும். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி வருகிறது என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

அந்த வேலை உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தது. முதலில் ஃபைலைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலும் சணல் நூலால் தைத்திருக்கும். நூலை இழுக்கக் கூடாது, வெட்ட வேண்டும். இழுத்தால் ஓட்டை கிழிந்து தாள் இயந்திரத்தில் மாட்டும். குண்டூசிகள் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். எடுத்த பிறகும் ஒன்று மிஞ்சியிருக்குமோ என்று ஒரு காந்தத்தைத் தாள்களின் மேல் ஓட்டுவோம். ஆய்வகச் சீட்டுகளை மைதாப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசைக்குப் பூச்சி வந்து அரித்திருக்கும். அதையெல்லாம் உரித்து, ஓரத்தைத் தடவி நேராக்கி, கட்டை இரண்டு கையாலும் பிடித்து விசிற வேண்டும். விசிறினால் தாளுக்குத் தாள் காற்றுப் போகும். பிறகு மேசையில் நெட்டுக்குத்தாக ஒரு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு. அப்புறம் இயந்திரத்தின் வாயில் வைத்தால் போதும். சரசரவென்று உள்ளே இழுத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் படம் எடுத்து, மறுபக்கம் துப்பிவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு அதிசயம். தாளின் வலது மேல் மூலையில் நோயாளியின் ஓ.பி. நம்பர், அதாவது முதன்முதலில் மருத்துவமனைக்கு வந்தபோது கொடுத்த பதிவு எண், இருக்கும். கணினி அதைத் தானாகப் படித்து, அந்த நம்பரின் ஃபைலுக்குள் தாளைக் கொண்டுபோய் வைக்கும். எழுத்தே இல்லாத வெற்றுப் பின்பக்கமாக இருந்தால் தானாக அழித்துவிடும். முதல் நாள் ஒரு கட்டு உள்ளே போய், திரையில் ஒவ்வொரு பெயராக ஃபைல்கள் முளைத்து வந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஷகிலா மேடம் விசில் அடித்தார்.

ஷகிலா மேடம்தான் எங்கள் குழுத் தலைவி. என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட. ராஜபாளையத்தில் அவருடைய அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் சொல்வார், பாத்திரக்கடை. சின்ன வயதிலிருந்து கடையில் நின்று பழகியவர் என்பதால், யார் என்ன சொன்னாலும் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டார். தவறு நடந்தால் திட்ட மாட்டார். ஏன் செய்தாய் என்றும் கேட்க மாட்டார். "செஞ்சு காட்டுங்க" என்பார். அவ்வளவுதான். செய்த வேலையை முதலிலிருந்து அவர் முன்னால் அப்படியே செய்துகாட்ட வேண்டும். அவர் முகவாயில் கை வைத்துக்கொண்டு நம்முடைய முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்ப்பார்.

ஒருமுறை படங்கள் எல்லாவற்றிலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு விழுந்தது. இயந்திரம் பழுது என்று கம்பெனிக்காரரைக் கூப்பிடப் போனோம். மேடம் கேட்கவில்லை. தாள் வைக்கிற செல்வியை அழைத்து, "செஞ்சு காட்டும்மா" என்றார். செல்வி கட்டை எடுத்தாள், விசிறினாள், தட்டினாள், வைத்தாள். இயந்திரத்தின் கண்ணாடியில் தூசி தெரிந்தது போலிருக்க, விரலால் ஒரு துடை துடைத்தாள்.

"காலையில என்ன சாப்ட்ட?"

"இட்லி மேடம்."

"பொறவு?"

செல்வி நெளிந்தாள். "பிரசவ வார்டுல பையன் பொறந்திருக்குன்னு பால்கோவா குடுத்தாக மேடம்."

"அந்தப் பையன் நல்லா இருக்கட்டும். அவன் கோவா நம்ம ஃபைல் அம்புட்டுலயும் இருக்கு, பாரு."

கண்ணாடியில் நெய்ப் பிசுக்கு. அன்றைக்குப் பிறகு, பிரசவ வார்டில் யாருக்குப் பிறந்தாலும் இனிப்பு எங்கள் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் உள்ளே.

இனி அந்தச் சிவப்பு விஷயம். மருத்துவமனையின் படிவங்களில் கட்டமும் கோடும் சிவப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். நர்சுகள் அந்தக் கோட்டின் மேலேயே நீல மையில் எழுதியிருப்பார்கள். கோடும் எழுத்தும் பின்னிக் கிடந்ததால் கணினிக்கு ஓ.பி. நம்பர் பிடிபடவில்லை. மூன்றைத் தொட்டுக் கோடு போனால் எட்டு என்று படித்தது. பாதித் தாள்கள் "தெரியவில்லை" என்று திரும்பி வந்தன. இயந்திரம் விற்றவர்கள் ஒரு வசதியைச் சொன்னார்கள். படிப்பதற்கென்று இயந்திரம் எடுக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பை மட்டும் நீக்கிவிடலாம். கட்டமும் கோடும் மாயமாகி, எழுதிய எழுத்து மட்டும் நிற்கும். வண்ணப்படம் தனியாக ஒரு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். கறுப்பு வெள்ளை சின்னது, சீக்கிரம் திறக்கும் என்பதால் டாக்டர்கள் திரையில் பார்ப்பதும் அதுதான்.

அதைப் போட்ட அன்று எங்கள் அறையில் திருவிழா. முந்தின நாள் திரும்பி வந்த கட்டையே மறுபடி விட்டோம். ஒரு தாள்கூட நிற்கவில்லை. வெள்ளைத் தாளில் எழுத்துகள் பளிச்சென்று மிதந்தன. "இனிமே ஓட்டம்தான்" என்றார் மேடம். ஓட்டமாகத்தான் ஓடியது. ஸ்கேன் முடிந்த கட்டுகளைப் பெட்டியில் கட்டி ராஜபாளையத்தில் பெட்டிகள் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு அனுப்பினோம். டாக்டர்கள் காகிதம் கேட்பதை நிறுத்தினார்கள். ஒரு பெயரைத் தட்டினால் பழைய கதை முழுக்கத் திரையில் வந்தது. வீட்டில் ஷைனிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இதைத்தான் கதையாகச் சொன்னேன். அவள் "அப்புறம்?" என்று கேட்டது நிலாக் கதைக்கு இல்லை, ஸ்கேனர் கதைக்கு.

இப்படி இருக்கையில் ஒரு காலை, பிரசவ வார்டு டாக்டரம்மா என்னை நேரில் வரச் சொல்லிப் போன் செய்தார்.

போனேன். டிராலியில் நிறைமாதமாக ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மம்சாபுரத்து மாரீஸ்வரி. இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை இதே மருத்துவமனையில் ஆபரேஷனில் பிறந்தது. அவள் கணவர் முருகன் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு சுவரில் ஒட்டி நின்றார்.

"மெர்சி, இந்தப் பொண்ணுக்கு உங்க கம்ப்யூட்டர் குடலிறக்க ஆபரேஷன் பண்ணி வச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "வயசு அறுபத்தாறு. பீடி பழக்கம் உண்டாம்."

நர்சுகள் சிரித்துவிட்டார்கள். மாரீஸ்வரி வலிக்கு நடுவிலும் தலையைத் தூக்கினாள்.

"பீடி எங்க வீட்டுக்காரருதான் குடிப்பாரு. அவருக்குப் போடுங்க அந்த ஆபரேசன."

"ஏட்டி, சும்மா கெட," என்றார் முருகன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் மாரீஸ்வரியின் ஃபைலுக்குள் எவரோ ஒரு பெரியவரின் குடலிறக்க அறிக்கை தெளிவாக அச்சடித்த எழுத்தில் நின்றது. எங்கள் வேலையில் நுழைந்த தப்பு. டாக்டரம்மாவும் கிண்டலை நிறுத்தியிருந்தார். என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"பனிக்குடம் உடைஞ்சு வந்திருக்கா. பழைய தையல் இருக்கு, ரொம்பக் காத்திருக்க முடியாது. போன தடவை ஏதோ ஊசி போட்டப்ப உதடு வீங்கி மூச்சு முட்டிருச்சாம். என்ன ஊசின்னு அவளுக்குத் தெரியல. நர்ஸ் எழுதி வச்சாங்கன்னு மட்டும் ஞாபகம் இருக்கு. வீட்டுக்குக் குடுத்த சீட்டு மழையில நைஞ்சு போச்சாம். உங்க ஃபைல்ல அந்தக் குறிப்பே இல்ல. அன்னைக்கு அவளுக்கு நாலைஞ்சு மருந்து போயிருக்கு, மயக்க மருந்து உட்பட. எது ஆகாதுன்னு தெரியாம நான் கத்திய எடுக்க மாட்டேன். தெரியலைன்னா மதுரைக்கு அனுப்பணும். வழியில வலி முத்திப் பழைய தையல் விட்டா..."

ஷைனியும் ஆபரேஷனில் பிறந்தவள்தான். என் வயிற்றிலும் அதே தையல் இருக்கிறது.

எங்கள் அறைக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மேடத்திடம் சொன்னேன். அவர் உடனே ஒரு பையனைக் கிட்டங்கிக்குப் பைக்கில் அனுப்பினார். பெட்டி எண் இருந்தது, காகித ஃபைல் எப்படியும் கிடைக்கும். ஆனால் ராஜபாளையம் போய், சாவிக்காரரைப் பிடித்து, அடுக்கியிருக்கிற பெட்டிகளை இறக்கி, திரும்பி வர வேண்டும். அதுவரை டாக்டரம்மா பொறுப்பாரா? பிள்ளை பொறுக்குமா?

"மெர்சி," என்றார் மேடம். "அந்தத் தாளு மெஷினுக்குள்ள போனத செஞ்சு காட்டுங்க."

"தாளு இங்க இல்லையே மேடம்."

"இல்லாட்டி என்ன. அது போன வழி இருக்குல்ல."

வண்ணப்படங்கள் இருந்த டிஸ்க்கைத் திறந்தேன். மாரீஸ்வரியின் ஃபைலில் தப்பாக நின்ற அந்தக் குடலிறக்கப் பக்கத்தின் வண்ணப்படத்தைத் தேடி எடுத்தேன். திரையில் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சிவப்புப் பென்சிலில் ஒரு நீளக் கோடு.

அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கோட்டின் அர்த்தம் தெரியும். ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாளைத் தூக்கி எறிவதில்லை. அச்சு இருக்கிற பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வோம். கோடு போட்ட பக்கம் கணக்கில் இல்லை. ஆபரேஷன் பிரிவில் அப்போது யாரோ பெரியவரின் அறிக்கை கூடுதலாக அச்சாகி வீணாகியிருக்கிறது. நர்சுகள் அதில் கோடு போட்டு, பின்பக்கத்தில் மாரீஸ்வரியின் குறிப்புகளை எழுதியிருக்கிறார்கள். காகிதத்தில் பார்த்தவர்கள் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். நாங்கள்தான் இயந்திரத்திடம் சிவப்பைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டோமே. கட்டத்தோடும் கோட்டோடும் சேர்த்து அது இந்த அடித்த கோட்டையும் துடைத்துவிட்டது. செத்த பக்கம் உயிரோடு எழுந்து வந்து நின்றது.

"மேடம், அப்ப இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "இந்தத் தாளுல ரெண்டு நம்பர் இருக்கு. முன்னாடி அந்தப் பெரியவர் நம்பர், அச்சு. பின்னாடி மாரீஸ்வரி நம்பர், கையெழுத்து. இதுல கையெழுத்து தெளிவா இருந்திருக்கு, அதனால இவ ஃபைலுக்கு வந்துட்டு. இன்னொரு தாளுல அச்சு தெளிவா இருந்து, கையெழுத்து கிறுக்கலா இருந்திருந்தா?"

"பெரியவர் ஃபைலுக்குப் போயிருக்கும்."

"ஆமா மேடம்."

"அவர் ஃபைலத் திறங்க."

திறந்தேன். பெரியவர் நீண்ட காலம் வைத்தியம் பார்த்தவர். பக்கங்கள் போய்க்கொண்டே இருந்தன. கறுப்பு வெள்ளையில் எல்லாக் கிறுக்கலும் ஒரே மாதிரி. நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன், தாண்டிவிட்டேனோ என்று பின்னால் போனேன், மறுபடி முன்னால் வந்தேன். வார்டிலிருந்து போன் வந்தது. எடுத்த செல்வி, "தேடிக்கிட்டு இருக்காக டாக்டர், செத்த நேரம்" என்றாள்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஒவ்வொரு பக்கமும் இயந்திரத்துக்குள் போகும்போது ஓட்ட எண் என்று ஒன்று விழும். முன்பக்கத்துக்கு ஒற்றைப்படை, பின்பக்கத்துக்கு இரட்டைப்படை. தாள் எந்த ஃபைலுக்குப் போனாலும் அந்த எண் மாறாது. ஃபைலில் சேர்ந்த பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாரீஸ்வரியின் ஃபைலை நாங்கள் ஒரே கட்டாகத்தான் விட்டோம். அப்படியென்றால் அவளுடைய தாள்கள் எல்லாம் அடுத்தடுத்த எண்ணில்தான் இருக்க வேண்டும்.

அவள் ஃபைலை ஓட்ட எண்படி அடுக்கினேன். இரட்டைப்படை எண்கள் பல இல்லை. அது சாதாரணம், வெற்றுப் பின்பக்கங்களை இயந்திரமே அழித்திருக்கும். ஆனால் ஓரிடத்தில் ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை. நாற்பத்திரண்டுக்குப் பிறகு நாற்பத்தைந்து.

"ஓட்டை, மேடம்! இங்க ஒரு தாளே காணல!"

மேடம் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் கட்டின் நாற்பத்து மூன்றைத் தட்டினேன். பெரியவரின் பெயரில் ஒரு அச்சடித்த பக்கம் வந்தது. நாற்பத்து நான்கைத் தட்டினேன். சாய்ந்து, அவசரமாக, பாதி மை தீர்ந்த பேனாவில் ஒரு நர்சின் கையெழுத்து. வண்ணத்தில் திறந்தேன். நாற்பத்து மூன்றில் சிவப்புக் கோடு இருந்தது. நாற்பத்து நான்கில் இல்லை. மூலையில் மாரீஸ்வரியின் நம்பர். கீழே ஊசி போட்ட நேரம், உதடு வீக்கம், மூச்சுத் திணறல், ஊசி நிறுத்தப்பட்டது, டாக்டருக்குச் சொல்லப்பட்டது. ஊசியின் பெயர்.

அறையில் எல்லோரும் கத்தினார்கள். செல்வி குதித்தாள். நான் மட்டும் கத்தவில்லை. நம்பரை மாரீஸ்வரியின் நம்பரோடு ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டேன். மறுபடி பின்னாலிருந்து ஒப்பிட்டேன்.

"போனுல பேரச் சொல்லிருங்க மேடம்," என்றாள் செல்வி.

"சொல்லக் கூடாது," என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. "மருந்துப் பேரு ஒண்ணுபோல ஒண்ணு இருக்கும். அவிய கண்ணால பாக்கட்டும்."

மேடம் மடிக்கணினியின் வயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். திறந்தபடியே அதைக் கைக்குழந்தை போல நெஞ்சில் அணைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடினேன். வெயிலில் காயப்போட்டிருந்த வார்டுப் போர்வைகளுக்கு நடுவே, குனிந்து, நிமிர்ந்து ஓடினேன். வழியில் திரை அணைந்துவிடுமோ என்று ஒரு விரலால் தட்டிக்கொண்டே ஓடினேன்.

டாக்டரம்மா குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி படித்தார். பிறகு மாரீஸ்வரியிடம் கேட்டார்.

"போன தடவ ஊசி போட்டப்ப முருகன் எங்க இருந்தார்?"

"வெளிய டீ குடிக்கப் போயிட்டாரு. எங்க அம்மாதான் இருந்துச்சு. அதுதான் கத்திக் கூப்பாடு போட்டுச்சு."

குறிப்பின் கடைசி வரியில் இருந்தது அதுதான். உடன் இருந்தவர், தாயார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இதேதான்," என்றார். அடுத்த நிமிடம் அவர் நர்சுகளுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். டிராலி நகர்ந்தது. மதுரை என்ற பேச்சே அதன் பிறகு எழவில்லை.

நான் வெளியே பெஞ்சில் முருகனோடு உட்கார்ந்திருந்தேன். உட்கார எனக்கு அனுமதி இருந்ததா, வேலையைப் போட்டுவிட்டு வந்தது சரியா என்றெல்லாம் தோன்றியது. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. அவர் கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன், தின்னவில்லை. கிட்டங்கிக்குப் போன பையன் வியர்த்து வழியக் காகித ஃபைலோடு வந்து சேர்ந்தான். அந்தத் தாளைத் தேடி எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். திரையில் பார்த்ததேதான், எழுத்துக்கு எழுத்து. சிவப்புக் கோடு விரலில் லேசாக ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. முருகன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"பொட்டப்பிள்ள," என்று கதவைத் திறந்து சொன்னார் நர்ஸ். "அம்மாவும் நல்லா இருக்கா. ஒரு தடிப்புக்கூட இல்ல."

அதன் பிறகு நடந்தது எங்கள் அறையில் மறக்க முடியாத வேலை. இதுவரை எடுத்த எல்லாப் படங்களையும் வண்ணத்தில் திரும்ப ஓடவிட்டு, மூலையிலிருந்து மூலைக்கு நீளமான சிவப்புக் கோடு உள்ள பக்கங்களைத் தேடச் சொன்னோம். எந்த இயந்திரத்திடம் சிவப்பைப் பார்க்காதே என்றோமோ, அதனிடமே சிவப்பை மட்டும் பார் என்றோம். மாலையில் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் நான் வேலைக்கு வந்த பிறகு நாத்தனாரே போன் போட்டு, "இன்னைக்குக் கேஸ மூடுனோமான்னு கேட்டு போன் பண்ணவே இல்லையே, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார். அவ்வளவு அவசரம் எனக்கு.

திரையில் பட்டியல் வந்திருந்தது. ஆய்வகச் சீட்டுகள், உணவுக் குறிப்புகள், இரத்த அழுத்த அட்டவணைகள் என்று வேறு வேறு வீடுகளில் போய் உட்கார்ந்திருந்த தாள்கள். ஒவ்வொன்றையும் அதனதன் ஃபைலுக்குத் திருப்பி அனுப்பினோம். ஒவ்வொன்று வீடு சேரும்போதும் செல்வி ஒரு சத்தம் போடுவாள். பெரியவருக்கு அவருடைய பீடி மட்டும் திரும்பக் கிடைத்தது. மாரீஸ்வரியின் வீக்கம் அவரை விட்டுப் போயிற்று. அவருக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று யாராவது நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடம் ஒருமுறைதான் கேட்டார்.

பிள்ளைகளே, ரெண்டு நம்பர் தாள் பரீட்சை வந்தது அப்படித்தான். ஒரு தாளின் முன்னும் பின்னும் வேறு வேறு நம்பர் இருந்தால் இயந்திரம் தானாக எங்கேயும் வைக்கக் கூடாது, மனிதரின் கண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று மேடம் நிறுவனத்திடம் எழுதி வாங்கினார். அந்தக் கண்ணைப் பழக்கத்தான் பரீட்சை. புது இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இருக்கட்டும், எனக்கு அதன் மேல் ஆசைதான். வந்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். ஆனால் அது எந்தெந்த நிறத்தைப் பார்ப்பதில்லை என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாரீஸ்வரி வீட்டுக்குப் போகிற அன்று டாக்டரம்மா என்னை வார்டுக்கு வரச் சொன்னார். அவள் ஃபைலின் முதல் பக்கத்திலேயே, திறந்ததும் தெரிகிற மாதிரி, அந்த ஊசியின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தேன். அதை வார்டுத் திரையில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். குழந்தை ஒரு மஞ்சள் துண்டுக்குள் தூங்கியது. மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"இதாக்கா என்னயக் கொல்லப் பாத்தது?"

"ஆமாம்மா."

"செத்த இருங்க." தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். திரையை ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு எதையோ தட்டித் தட்டிப் போனைத் திருப்பிக் காட்டினாள். அவள் போனைத் திறக்கும் முன்பே தெரிகிற முகப்புப் படத்தில், வெள்ளையில் கறுப்பாக, அந்த ஊசியின் பெயர். "கம்ப்யூட்டரு மறக்கும். ஆளும் மறக்கும். இது என் கையிலயே கெடக்கட்டும். நான் மயங்கிக் கெடந்தாலும் எடுத்துப் பாக்குறவுகளுக்குத் தெரியும்ல."

முருகனுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏட்டி, அங்க என் போட்டோல்ல இருந்துச்சு? கல்யாணத்துல எடுத்தது?"

"ஆமா, இருந்துச்சு," என்றாள் மாரீஸ்வரி. "ஒங்க மூஞ்சி எனக்கு ஒத்துக்கிடும்னு எல்லாத்துக்கும் தெரியும். ஒத்துக்கிடாதத்தான அங்க போடணும்?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. முருகன் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.